தூர்ந்த வாய்க்காலில் வந்த விதை

குடலில் இருந்த கட்டியை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வயிற்றுத் தழும்பு வெளுத்துவிட்டது. குறுவை நடவுக்கு வரப்பில் நின்று ஆட்களை ஏவும் அளவுக்கு உடம்பும் தேறிவிட்டது. ஒரு நாள் குளிக்கும்போது தொப்புளுக்குள் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது. சுண்டைக்காய் அளவுதான், வலியில்லை. மருத்துவர் ஊசியால் துளி சதையை உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்புகிறார். முடிவு வந்ததும் வீட்டில் அத்தனை பேரும் கேட்பது ஒன்றைத்தான்: “குடல்ல இருந்ததை வேரோட எடுத்தாச்சே. அது எப்படிங்க தொப்புளுக்கு வந்துச்சு?”

தஞ்சாவூர்ப் பக்கத்துத் திண்ணைகளில் இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: “கத்தி பட்டுடுச்சுல்ல, அதான் பரவிடுச்சு.” மருத்துவமனையில் கிடைக்கும் பதில் ஒரே சொல்தான்: “செகண்டரீஸ்.” கேட்டவருக்கு இரண்டினாலும் எதுவும் விளங்குவதில்லை.

ஓரிடத்தில் தோன்றிய புற்று, உடம்பில் வேறோர் இடத்துக்குப் போய்க் குடியேறுவதை ‘மாற்றிடம் புகல்’ என்று சொல்லலாம். பெருங்குடல், மலக்குடல் புற்று வழக்கமாகப் புகும் இடங்கள் மருத்துவர்களுக்கு மனப்பாடம்: நிணநீர் முடிச்சுகள், கல்லீரல், நுரையீரல், வயிற்றறையின் உள்ளுறை. சிலருக்கு மட்டும் அது எதிர்பாராத இடத்தில் தலைகாட்டும். தொப்புள், தைராய்டு, தலைத்தோல், தொடைத் தசை, மண்ணீரல், தாடையெலும்பு என்று அந்தப் பட்டியல் நீளும். மேலோட்டமாகப் பார்த்தால் இதில் ஓர் ஒழுங்கும் தெரியாது. ஆனால் ஒழுங்கு உண்டு. டெல்டாவில் நாலு மா நிலம் வைத்திருப்பவருக்கு அது சீக்கிரமே பிடிபடும். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, விதை எந்த மண்ணில் பிடிக்கிறது என்ற இரண்டு கேள்விகளில் அது அடங்கியிருக்கிறது.

ஈரல் என்னும் டெல்டா

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரும். அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரியும். வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றுக்கு வழிவிடும். நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரியும். அதற்குப் பிறகு வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை. பிரியப் பிரிய வேகம் தணியும். மிதந்து வந்த ஆகாயத் தாமரையும் ஒடிந்த நெய்வேலிக் காட்டாமணக்குக் குச்சியும் நடு ஆற்றில் நிற்பதில்லை. ஷட்டர் வாயிலும் குறுகிய வாய்க்காலின் திருப்பத்திலும்தான் ஒதுங்கும். ஒதுங்கிய காட்டாமணக்குக் குச்சி அங்கேயே வேர்விட்டுப் புதராகும்.

குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. சின்னச் சின்னச் சிரைகள் ஒன்றுகூடி ஒரு பெரிய குழாயாகிக் கல்லீரலுக்குள் நுழைகின்றன. மருத்துவர்கள் அதைப் போர்ட்டல் சிரை என்பார்கள். நாம் ஈரல் வாயிற்சிரை என்று வைத்துக்கொள்வோம். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தக் குழாய் வழியாகவே வருகிறது. உள்ளே நுழைந்ததும் கல்லணையில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. பெரிய குழாய் கிளைகளாகி, கிளைகள் இழைகளாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்வாய்க்கால்களில் இரத்தம் மெல்ல ஊர்கிறது. ஒரு புற்றுச் செல்லின் குறுக்களவு நம் தலைமுடித் தடிமனில் கால்பங்கு இருக்கும். நுண்வாய்க்காலின் வாய் அதைவிடவும் குறுகல். செல் சிக்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு அந்த வாய்க்கால்களின் சுவர் முழுக்கச் சல்லடைபோல் ஓட்டைகள். குடல் உறிஞ்சிய சத்தை ஈரல் வாங்கிக்கொள்வதற்காக இயற்கை வைத்த ஓட்டைகள் அவை. புற்றுச் செல்லுக்கும் அவையே வாசலாகின்றன.

குடற்புற்று முதலில் ஈரலில் போய் உட்காருவது இதனால்தான். ஈரலைத் தாண்டிய செல்லும் உடனே ஊர் சுற்றக் கிளம்ப முடியாது. இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குள் தள்ளப்படும். அது இரண்டாவது டெல்டா. அதையும் தாண்டினால்தான் இதயத்தின் இடப்பக்கம் வந்து, உடம்பெங்கும் போகும் தமனிகளில் கலக்க முடியும். தைராய்டுக்கும் தலைத்தோலுக்கும் போய்ச் சேரும் செல் இரண்டு டெல்டாக்களைக் கடந்த செல்.

மலக்குடலின் அடிப்பகுதி மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அங்கிருந்து வரும் சிரைகளில் ஒரு பகுதி ஈரலுக்குப் போகாமல் நேராகப் பெருஞ்சிரையில் சேர்ந்துவிடும். அதனால் ஆசனவாய்க்கு அருகில் கட்டி இருப்பவருக்கு ஈரல் சுத்தமாக இருக்க, நுரையீரலில் முதல் புள்ளி தெரிவதுண்டு.

விழுந்த விதையெல்லாம் முளைப்பதில்லை

தண்ணீர் வழியை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியுமா? முடியாது. நம் உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தசை. நிறைய இரத்தம் அதற்குள் ஓடுகிறது. ஆனாலும் தசையில் மாற்றிடப் புற்று வருவது அபூர்வம். மண்ணீரலுக்குப் போகும் தமனியும் பருத்ததுதான். அங்கும் அபூர்வம்தான்.

இந்த முரணை முதலில் எண்ணிப் பார்த்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். 1889-இல், மார்பகப் புற்றில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து அடுக்கினார். ஈரலில் பரவியிருந்தது 241 பேருக்கு. மண்ணீரலில் 17 பேருக்கு. இரத்தம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு வேறுபாடு வரக்கூடாது. விதை எல்லாத் திக்கிலும் போகிறது, மண் ஒத்துழைக்கும் இடத்தில்தான் முளைக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். நமக்கு இது புதிய செய்தி இல்லை. ஆடுதுறை 43-ஐக் குறுவைக்கும் சி.ஆர். 1009-ஐச் சம்பாவுக்கும் வைத்துக்கொள்கிறவர்கள் நாம். முன்னது 110 நாள் பயிர்; பின்னது 155 நாளுக்கு மேல் நிற்கும். நெல் இரண்டும் நல்ல நெல்தான். பட்டம் மாறினால் கணக்குத் தப்பும்.

1970-இல் அமெரிக்காவில் ஐசேயா ஃபிட்லர் எலிகளின் இரத்தத்தில் கதிரியக்க அடையாளமிட்ட புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்த்தார். ஒரு நாள் கழித்து உயிரோடு இருந்தவை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. கட்டியாக வளர்ந்தவை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவை ஓட்டத்தின் வேகத்தில் கிழிந்தோ, காவல் செல்களால் விழுங்கப்பட்டோ அழிந்துபோயின.

மனிதர்களிடம் கிடைத்த சான்று இன்னும் வலுவானது. வயிற்றில் நீர் கோத்து அவதிப்படும் புற்று நோயாளிகள் சிலருக்கு, அந்த நீரைக் குழாய் வழியாகக் கழுத்துச் சிரையில் வடியவிடும் சிகிச்சை அப்போது இருந்தது. வயிற்று நீரோடு கோடிக்கணக்கான புற்றுச் செல்களும் நாள்தோறும் இரத்தத்தில் கொட்டின. அவர்கள் இறந்த பின் உடல்களை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் டாரின் குழு 1984-இல் முடிவை வெளியிட்டது. வெள்ளமாக விதை இறங்கியும் பலருக்கு நுரையீரலில் ஒரு கட்டிகூட முளைக்கவில்லை. நோயின் துயரத்துக்கு நடுவிலும் இந்தத் தகவலை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். நம் உடம்பு அப்படி எளிதில் நிலத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

தசை ஏன் வளமான மண்ணாக இல்லை என்பதற்குச் சில விளக்கங்கள் உண்டு. ஓயாமல் சுருங்கி விரியும் தசை, சிக்கிய செல்லைப் பிழிந்து நசுக்குகிறது; உழைக்கும்போது அதில் சேரும் லாக்டிக் அமிலமும் செல்லுக்கு ஒத்துவருவதில்லை. நிற்காமல் துடிக்கும் இதயச் சுவருக்கும் முதல் காரணம் பொருந்தும்.

நாற்றங்கால்

அப்படியானால் தைராய்டிலும் தோலிலும் முளைக்கும் அந்தச் சில விதைகள் எங்கிருந்து வருகின்றன? குடற்புற்றில் இறந்த 1541 பேரின் பிரேதப் பரிசோதனைகளை லெனார்ட் வைஸும் கூட்டாளிகளும் தொகுத்து 1986-இல் வெளியிட்டார்கள். நோய் பெரும்பாலும் படிப்படியாகவே நகர்ந்திருந்தது. முதலில் ஈரல், அங்கே வளர்ந்த கட்டியிலிருந்து நுரையீரல், நுரையீரலில் வளர்ந்ததிலிருந்து பிற உறுப்புகள்.

நடவுப் பயிருக்கு நெல்லை நேரே வயலில் விதைப்பதில்லை. நாற்றங்காலில் விட்டு, முளைத்துத் தேறிய நாற்றைப் பறித்துத்தான் நடவு வயலுக்குக் கொண்டுபோகிறோம். ஈரலும் நுரையீரலும் குடற்புற்றுக்கு அப்படிப்பட்ட நாற்றங்கால்கள். அபூர்வமான இடத்தில் ஒரு கட்டி தென்பட்டால் மருத்துவர் உடனே ஈரலையும் நுரையீரலையும் ஸ்கேன் செய்யச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

அபூர்வ இடங்கள் இப்போது முன்பைவிட அதிகம் கண்ணில் படுகின்றன. மருந்துகளால் நோயாளிகள் கூடுதல் ஆண்டுகள் வாழ்கிறார்கள். முன்பு முளைக்க நேரம் கிடைக்காத விதைக்கு இப்போது நேரம் கிடைக்கிறது. முழு உடம்பையும் பார்க்கும் பெட் ஸ்கேனும் வந்துவிட்டது.

தொப்புளில் ஒரு முடிச்சு

தொடக்கத்தில் பார்த்த தொப்புளுக்குத் திரும்புவோம். அது இரண்டு டெல்டாக்களையும் சுற்றாமல் குறுக்கு வழியில் போய்ச் சேரக்கூடிய இடம்.

நாம் கருவில் இருந்தபோது, தாயிடமிருந்து சத்தை வாங்கிக்கொண்ட நம் இரத்தம் தொப்புள்கொடிச் சிரை வழியாக நம் ஈரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறந்து கொடியை அறுத்ததும் அந்தச் சிரை சுருங்கி ஒரு நாராகிவிடுகிறது. தூர்ந்துபோன வாய்க்கால். ஆனால் அந்த நாரை ஒட்டி ஓடும் சில மெல்லிய சிரைகள் தூர்வதில்லை. ஈரல் வாயிற்சிரைக்கும் தொப்புளுக்கும் இடையே அவை வாழ்நாள் முழுதும் இருக்கின்றன. சாராயத்தால் ஈரல் சுருங்கிப்போனவரின் வயிற்றில், தொப்புளைச் சுற்றி நீலச் சிரைகள் புடைத்து நெளிவதைச் சிலர் பார்த்திருக்கலாம். முன்வழி அடைபட்ட இரத்தம் பழைய வாய்க்காலைத் தேடிப் பிடித்துக்கொண்ட காட்சி அது. வெள்ளக் காலத்தில் தண்ணீர் தூர்ந்த தடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இது ஒரு வழி. நிணநீர்க் குழாய்கள் மற்றொரு வழி. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கிட்டம். குடற்கட்டி குடலின் வெளிச்சுவரையும் துளைத்துவிட்டால், செல்கள் வயிற்றறைக்குள் உதிர்ந்து அங்கே உள்ள நீரில் மிதக்கும். வயிற்றுச் சுவர் மிக மெலிந்திருக்கும் இடம் தொப்புள். அங்கே தசை கிடையாது; உள்ளுறைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு தழும்புத் திசு மட்டுமே. உள்ளே படிந்து வளர்வது சீக்கிரத்தில் வெளியே தெரிந்துவிடும்.

தொப்புள் முடிச்சுக்கும் உள்ளே இருக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கவனித்தவர் ஒரு செவிலியர். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில், செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்கு உதவியாக இருந்த கன்னியாஸ்திரி மேரி ஜோசப் டெம்ப்சி (1856–1939). அறுவைக்கு முன் நோயாளியின் வயிற்றைச் சுத்தம் செய்வது அவர் வேலை. தொப்புளில் கெட்டியான முடிச்சு இருக்கும் நோயாளிகளுக்கு, வயிற்றைத் திறந்ததும் உள்ளே புற்று பரவிக் கிடப்பதை அவர் கவனித்து மேயோவிடம் சொன்னார். மேயோ 1928-இல் அதைப் பற்றி எழுதினார். ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி 1949-இல் அதற்குச் ‘சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு’ என்று பெயரிட்டபோது அந்த அம்மையார் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பஞ்சும் கையுமாக நின்ற ஒருவரின் விரல்நுனி கண்டதை, ஸ்கேன் காலத்து மருத்துவமும் அவர் பெயராலேயே சொல்கிறது. அவருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதைதான்.

வயிற்றுக்குள் புற்று தோன்றியவர்களில் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு இந்த முடிச்சு வரும். இரைப்பை, சூலகம், பெருங்குடல், கணையம் ஆகியவை முக்கியமான பிறப்பிடங்கள். சிலருக்கு உள்ளே இருக்கும் நோயின் முதல் அறிகுறியே இதுதான். தொப்புள் வீக்கமெல்லாம் புற்று என்று யாரும் பதற வேண்டாம். குடலிறக்கமாகவோ வெறும் அழுக்குக் கட்டியாகவோ இருப்பதே அதிகம். புதிதாக வந்தது, கல்போல் இருப்பது, வளர்வது என்றால் காட்டிவிட வேண்டும்.

நம் நாட்டில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கக் காரணம் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, 800 குடற்புற்று நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 2017-இல் வெளியிட்டது. சராசரி வயது 47. மேலை நாடுகளில் அறுபதைத் தாண்டியவர்களுக்கே அதிகம் வரும் நோய் இது. அந்த 800 பேரில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு இருந்தது ‘முத்திரை மோதிரச் செல்’ வகை. செல்லுக்குள் சளி நிறைந்து உட்கருவை ஓரத்துக்குத் தள்ள, செல் கல் பதித்த மோதிரம்போல் தெரியும். மேலை நாடுகளில் இது நூற்றில் ஒருவருக்கு அளவில்தான். இந்த வகைக்கு ஈரலைவிட வயிற்றறை உறை பிடிக்கும். வழக்கத்துக்கு மாறான இடங்களுக்கும் போகும்.

எதிர்த்து ஏறும் நீர்

கடைமடைக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கதவணை இல்லாத வாய்க்காலில், கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் மேல்நோக்கி ஏறி வரும். உடம்பிலும் அப்படி ஒரு வாய்க்கால் உண்டு. கை கால் சிரைகளில் இரத்தம் திரும்பிப் போகாதபடி சின்னக் கதவுகள் இருக்கின்றன. முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைவலையில் கதவே கிடையாது. இருமினாலும் முக்கினாலும் வயிற்றில் அழுத்தம் கூடி, இரத்தம் அதற்குள் எதிர்த்து ஏறும். அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஆஸ்கர் பேட்சன் 1940-இல் இறந்தவர் உடலில் சாயம் செலுத்தி இதைக் காட்டினார். இடுப்புப் பகுதியிலிருந்து கிளம்பிய செல் ஈரல், நுரையீரல் இரண்டையும் தொடாமல் முதுகெலும்பில் போய் இறங்க இது ஒரு வழி.

நண்டு வளை

வரப்பு கெட்டியாக இருந்தால் மிதந்து வரும் களை விதை வழுக்கிக்கொண்டு போய்விடும். நண்டு வளை இருந்தால் அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். குடற்கட்டியிலிருந்து உதிரும் செல்கள் மலத்தோடு தினமும் கீழே வருகின்றன. நலமான குடற்சுவரில் அவை ஒட்டுவதில்லை. ஆனால் ஆசனவாய்ப் பக்கத்தில் பவுத்திரப் புழை இருந்து, மேலே கட்டி இருந்ததால், அந்தப் புழையில் செல் தங்கி முளைத்த நோயாளிகள் இருக்கிறார்கள். தைராய்டிலும் மாற்றிடப் புற்று, ஏற்கெனவே கழலையோ அழற்சியோ உள்ள சுரப்பியில் எளிதாகப் பிடிப்பதாகக் கருதுகிறார்கள்.

கத்தி பட்டால் பரவும் என்ற பயத்தின் வேரும் இங்கேதான். அறுவைக் காயத்தில் செல் விழுந்து முளைப்பது முழுப் பொய் இல்லை. ஆனால் மிக அரிது. துளையிட்டுச் செய்யும் அறுவையில் இது கூடுமோ என்று 1990-களில் மருத்துவர்களே பயந்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 872 பேரிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. துளை வழியானாலும் சரி, வயிற்றைத் திறந்தாலும் சரி, காயத்தில் புற்று திரும்பியவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பயத்தில் கட்டியை எடுக்காமல் விட்டவருக்கோ விதை உதிர்க்கும் செடி உள்ளேயே நிற்கிறது.

கலவன்

விதை நெல் வயலில் கலவன் நீக்குவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே பச்சைதான். பழகிய கண் உயரத்தையும் கதிரையும் மணியையும் வைத்து, இது வேறு நெல் என்று பிடுங்கிவிடும். நோய்க்குறியியல் மருத்துவர் செய்வதும் அதுவே. தைராய்டிலிருந்து எடுத்த துணுக்கு நுண்ணோக்கியில் குடற்சுவரின் சுரப்பிகளைப் போல வட்ட வட்டமாகத் தெரிந்தால் அவருக்குச் சந்தேகம் வரும். சி.கே. 20, சி.டி.எக்ஸ். 2 என்னும் புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பார். குடற்செல் எங்கே போய்க் குடியேறினாலும் அநேகமாக இந்த அடையாளங்களைத் தொலைப்பதில்லை. இது தெரியாமல் தைராய்டுப் புற்று என்று நினைத்தால், மருந்தே மாறிப்போகும். தைராய்டில் இருந்தாலும் அது குடற்புற்றுதான். குடற்புற்றுக்கான மருந்துதான் அதற்குக் கேட்கும்.

சீதபேதி என்று நினைத்த நோய்

தஞ்சைக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கைக்கு வந்த நோயைச் சீதபேதி என்றே வைத்தியம் பார்த்தார்கள். மலக்குடல் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-இல் தங்கை இறந்தார். மருத்துவரான அக்கா கண்ணெதிரே நடந்த சாவு அது. அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருடம் சுமந்தார். அவர் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1954-இல் நோயாளிகளுக்குக் கதவு திறந்தது.

நூறு வருடம் ஆகியும் நம் ஊரில் மலத்தில் இரத்தம் என்றால் முதலில் வரும் சொல் ‘மூலம்’தான். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆனால் சில வாரங்களாக இரத்தம் நிற்கவில்லை, மலம் கழிக்கும் பழக்கம் மாறிவிட்டது, உடம்பு காரணமில்லாமல் இளைக்கிறது என்றால், நாற்பது வயதானாலும் சரி, மருத்துவர் விரல்விட்டுச் சோதித்தாரா என்று கேளுங்கள். கொலனாஸ்கோபி தேவையா என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

குடற்புற்றுக்கு ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கழுத்தில் வீக்கம், தலையில் கட்டி, தொப்புளில் முடிச்சு, விலகாத முதுகுவலி என்று எதற்காக எந்த மருத்துவரிடம் போனாலும், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். “எனக்கு முன்னாடி குடல்ல கட்டி இருந்துச்சு” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அன்று வெட்டி எடுத்த கட்டியின் துணுக்கை மெழுகில் பதித்து நோய்க்குறியியல் துறையில் வைத்திருப்பார்கள். புதிய துணுக்கைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும். எங்கே அறுவை நடந்தது, எந்த வருடம் என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.